பெட்-எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாக வலிப்பு. இரண்டு மருந்துக்கும் அடங்கவில்லை. முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 'நார்மல்' என்றே எழுதியிருந்தார்கள். பெட் (ஊசியில் போடும் கதிரியக்க மருந்து உடம்பில் எங்கே எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் ஸ்கேன்), எம்.ஆர்.ஐ. இரண்டையும் ஒரே மெஷினில் எடுத்துப் பார்க்கலாம் என்றார் நரம்பியல் டாக்டர்.

வெறும் வயிற்றோடு போனோம். ரத்தச் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டார்கள். ஊசியில் இருப்பதும் கதிரியக்கம் ஏற்றிய ஒரு வகைச் சர்க்கரைதான். வலிப்பு கிளம்பும் இடம் மற்ற நேரத்தில் சோம்பிக் கிடக்குமாம், சர்க்கரையைக் குறைவாகவே இழுக்கும். ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்தாலோ அதே இடம் தலைகீழாகப் பளிச்சென்று தெரியலாம். அதனால் வலிப்பு வருகிறதா என்று பார்க்க, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. வயரைத் தலையில் ஒட்டி, மங்கலான அறையில் பேசாமல் படுக்க வைத்தார்கள். போனும் கிடையாது. அவளுக்கு ஊசியைவிட அதுதான் பெரிய தண்டனை.

அப்புறம் கொலுசு, தோடு, ஹேர்பின் எல்லாம் கழற்றினோம். அரைஞாணில் பாட்டி கட்டிய தாயத்தை மறந்தே போனேன். டெக்னீஷியன் கண்டுபிடித்துக் கத்தரித்தார். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

பெட் படத்தில் இடது காதுக்கு மேல்பக்கம் மங்கலாக இருந்தது. கூடவே எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அந்த இடத்தைப் பெரிதாக்கினால், மூளையின் மேலடுக்கு கொஞ்சம் தடித்து, ஓரம் கலங்கியிருந்தது. பிறவியிலேயே வந்ததாம். டாக்டர் பழைய படத்தையும் திரையில் போட்டார். அதிலும் இருந்தது! எனக்குக் கோபம்தான் வந்தது. "எங்கே பார்க்கணும்னு தெரியாமப் பார்த்தா கண்ணுல படாதும்மா" என்றார். ஆபரேஷன் பற்றி அடுத்த வாரம் பேசுகிறார்கள்.

பதில்: என் அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. (அந்த நோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை அளவு) மறுபடி ஏறியது. காலியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த ஊசி போட்டு பெட்-எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதன் கதிரியக்கம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசி தயார், அப்பாவைக் காணோம், டீக்கடையில் இருந்தார்! சிறுநீர்ப்பையிலும் மருந்து சேர்ந்து ஒளிரும் என்பதால், பக்கத்தில் இருப்பதைப் பிரித்துப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவியது.

பதில்: நான் இந்தப் பிரிவில் வேலை செய்கிறேன். பெட்-சி.டி.யில் இருக்கும் சி.டி. கதிர்வீச்சு இதில் இல்லாததால், திரும்பத் திரும்ப ஸ்கேன் தேவைப்படும் குழந்தைகளுக்கு இது நல்லது. ஆனால் நுரையீரலில் சின்னப் புள்ளிகளைத் தேட இன்றும் சி.டி.தான். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாயத்தையும்தான்.