பொருள்: லுவா கையேடு, 'கொரூட்டின்' தமிழில் என்ன?

மன்னார்குடியிலிருந்து:
வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு லுவா நிரல்மொழி நடத்துகிறேன். திங்கட்கிழமை கையேடு அச்சுக்குப் போக வேண்டும். மாறி, மடக்கு, செயற்கூறு (ஃபங்ஷன்) எல்லாம் பாடநூலிலேயே உண்டு, கொரூட்டினில் மாட்டிக்கொண்டேன். 2003இல் 5.0 பதிப்போடு வந்த வசதி. செயற்கூறு பாதியில் நின்று, எழுப்பியவருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு, மறுபடி எழுப்பினால் நின்ற இடத்திலிருந்தே ஓடும். நிற்கச் சொல்லும் 'யீல்டு' அழைப்பைக் கணினிப் பெயர்ப்பு 'மகசூல்' என்கிறது. குறுவை அறுவடை நேரம் வேறு, பையன்கள் சிரிப்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து:
இணைச்செயற்கூறு.

திருவாரூரிலிருந்து:
'இணை' ஆகாது ஐயா. இணைச் செயலாக்கம் என்றால் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பது. இங்கே எத்தனை கொரூட்டின் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஓடுவது தானாக விட்டால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. நாம் முறைவைத்துத் தண்ணீர் விடுவதில்லையா? முறைச்செயற்கூறு என்போம்.

கும்பகோணத்திலிருந்து:
மெத்தடையே பலர் 'முறை' என்றுதான் எழுதுகிறார்கள். உறவுமுறை, வழிமுறை, இரண்டு முறை... அந்தச் சொல்லுக்கு இருக்கிற சுமை போதும். 'இணை' வேண்டாமென்றால் 'உடன்செயற்கூறு'. மூன்றாம் வேற்றுமை 'ஒடு' உருபுக்கு உடனிகழ்ச்சிப் பொருள் உண்டல்லவா?

திருவாரூரிலிருந்து:
உடனிகழ்ச்சியா? அப்போது மறுபடி இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன!

நாகப்பட்டினத்திலிருந்து:
முறைப்பாசனத்தில் விட்ட வயலிலிருந்து தொடர்கிறார்கள் என்று யார் சொன்னது? அடுத்த முறையும் தலைமடையிலிருந்துதான் பாய்கிறது. ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்காரன் ஆடி முழுக்க வாய்க்காலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான்.

திருவாரூரிலிருந்து:
அது தூர்வாராத குற்றம், சொல்லின் குற்றமல்ல.

தஞ்சாவூரிலிருந்து:
அண்ணன்மார்களே, தண்ணீர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். யீல்டுக்கு யாரும் வழி சொல்லவில்லையே? என் பரிந்துரை 'விட்டுக்கொடு'. ஓட்டத்தை விடுகிறது, மதிப்பைக் கொடுக்கிறது. 'இடைநிறுத்து' என்றால் மதிப்பு போன தடயமே இருக்காது. மறுபடி எழுப்பும் 'ரெஸ்யூம்' அழைப்புக்குத் 'தொடர்' போதும். ஒரு கொரூட்டின் இருக்கக்கூடிய நிலைகள் நான்கையும் கவனியுங்கள். 'டெட்' என்பதை 'இறந்தது' என்று போட வேண்டாம், 'முடிந்தது' போதும். 'நார்மல்'தான் சிக்கல். ஒரு கொரூட்டின் இன்னொன்றை எழுப்பிவிட்டு அது திரும்பும்வரை நிற்கிற நிலை அது. 'இயல்பு' என்று எழுதினால் ஒருவருக்கும் விளங்காது.

கும்பகோணத்திலிருந்து:
விட்டுக்கொடு! குடும்ப நீதிமன்றத்தில் கேட்கிற சொல்.

மன்னார்குடியிலிருந்து:
சரி, நேரமில்லை. முதல் இடத்தில் 'முறைச்செயற்கூறு (கொரூட்டின்)', பிறகு முறைச்செயற்கூறு மட்டும். விட்டுக்கொடு, தொடர் இரண்டும் அப்படியே. நிரலில் எப்படியும் ஆங்கிலத்தில்தான் தட்டப்போகிறார்கள். 'நார்மல்' பத்தியை இந்தப் பதிப்பில் விட்டுவிடுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 5.4இல் வந்த 'க்ளோஸ்' மாறியும் கையேட்டில் உண்டா? எல்லை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளுமே, அது. தயவுசெய்து 'மூடுமாறி' என்று எழுதிவிடாதீர்கள். காதில் முடிச்சுமாறி என்றே விழுகிறது.