ஆக்சிஜன் அயனியின் பிணைப்பு ஆற்றலை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மின்மினி:
ஒரு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் மூலக்கூறு அயனியை உடைக்க 6.66 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. சாதாரண மூலக்கூறுக்கு 5.12தான். அயனியைப் பிடித்துவைத்து உடைத்துப் பார்த்தார்களா? எலக்ட்ரான் போன பிறகு பிணைப்பு வலுவாவது எப்படி?

குடுவை:
உடைக்கவே வேண்டாம். ஒரு சதுரம் வரையுங்கள். ஒரு மூலையில் ஆக்சிஜன் மூலக்கூறு, எதிர்மூலையில் ஓர் அணுவும் ஓர் அணு அயனியும். போக இரண்டு வழி. முதலில் மூலக்கூறை உடைத்து, அப்புறம் ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுத்தால் 5.116 + 13.618 = 18.734. எலக்ட்ரானை முதலில் எடுத்தால் செலவு 12.070, அயனியை உடைப்பது மீதி. ஹெஸ் விதிப்படி இரண்டு வழிக்கும் மொத்தம் ஒன்றே, ஆக மீதி 6.664.

அணுவைவிட மூலக்கூறு எலக்ட்ரானை எளிதாக விட்டுவிடுகிறது என்பதுதான் இங்கே சங்கதி. அந்த எலக்ட்ரான் இருந்தது எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில், அதாவது பிணைப்பைத் தளர்த்தும் இடத்தில். போனதும் பிணைப்பு இறுகுகிறது. ஹைட்ரஜனில் போவது பிணைப்பு எலக்ட்ரான், அதனால் கதை தலைகீழ்: 4.478 + 13.598 − 15.426 = 2.650.

மின்மினி:
ஒளியால் எலக்ட்ரானைப் பிடுங்கி அதற்கான ஆற்றலைக் காட்டும் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில், ஹைட்ரஜனின் உயரமான முகடு 16க்குப் பக்கத்தில் இருக்கிறதே? 15.426 எங்கிருந்து வந்தது?

குடுவை:
நல்ல கேள்வி. அதே நிறமாலையின் முதல் முகட்டைப் பாருங்கள். உயரமான முகட்டில் பிறக்கும் அயனி ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வாற்றலையும் அயனியாக்கக் கணக்கில் சேர்த்தால் பிணைப்பு ஆற்றல் அரை எலக்ட்ரான் வோல்ட் குறைந்துவிடும். வெப்பநிலையையும் கலக்காதீர்கள். ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பாடநூல்கள் மோலுக்குத் தரும் 436 கிலோஜூல் 298 கெல்வினுக்கானது. மேலே உள்ள 4.478 பூஜ்ய கெல்வினுக்கு, அதாவது மோலுக்கு 432 கிலோஜூல்.

பனித்துகள்:
அமிலங்களுக்கும் இதே வித்தைதான். ஹைட்ரஜன் புளோரைடு வாயு நிலையில் புரோட்டானை விட மோலுக்கு 1554 கிலோஜூல். அதோடு புளோரினின் எலக்ட்ரான் நாட்டம் (அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) 328ஐக் கூட்டி, ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் 1312ஐக் கழித்தால் பிணைப்பு ஆற்றல் 570.

மின்மினி:
சரி, நைட்ரஜனுக்கும் போட்டேன்: 9.76 + 14.53 − 15.58 = 8.71. குறைகிறது, அப்படியானால் போனது பிணைப்பு எலக்ட்ரான்?

குடுவை:
ஆமாம், அதேதான்.