நூவோ டிரைவருக்குப் பங்களிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – பாளையங்கோட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் தொழில்நுட்பப் பூங்காவில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிகிறேன். விடுமுறை நாள்களில் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பராமரித்து வருகிறேன். அங்குள்ளவை என்விடியா ஜிடி 710 கிராபிக்ஸ் அட்டைகள். அந்நிறுவனத்தின் சொந்த டிரைவரில் (அட்டையை இயக்கும் மென்பொருளில்) இந்தத் தலைமுறைக்கு 470 வரிசையே கடைசி என்பதால், கட்டற்ற நூவோ டிரைவருக்கு மாறினோம். அண்மையில் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) புதுப்பித்த பிறகு, உறக்க நிலையிலிருந்து விழிக்கும் கணினியில் திரை கறுப்பாகவே நிற்கிறது. முந்தைய கெர்னலில் இச்சிக்கல் இல்லை. இதைச் சரிசெய்வதோடு நிற்காமல் நூவோவுக்குத் தொடர்ந்து பங்களிக்க விரும்புகிறேன். சி மொழி நன்றாகத் தெரியும், கிராபிக்ஸ் வன்பொருள் தெரியாது. எங்கே தொடங்க வேண்டும்? இவ்வளவு பழைய அட்டைக்கு உழைப்பதால் யாருக்காவது பயன் உண்டா?

மறுமொழி – வண்ணார்பேட்டையிலிருந்து

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பலர் மனம் தளர்வது அங்கேதான். பயன் உண்டு, அதுவும் புதிய அட்டை வைத்திருப்பவரால் தர முடியாத பயன். ஜிடி 710 கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்தது. 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மாக்ஸ்வெல் அட்டைகள் தொட்டு, என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இல்லாமல் அட்டையின் முக்கியப் பகுதிகள் இயங்குவதில்லை. கெப்ளருக்கு அந்தப் பூட்டு இல்லை என்பதால், அதன் கடிகார வேகத்தைக்கூட நூவோவிலிருந்தே கைப்பட உயர்த்த முடியும். இப்போது ரஸ்ட் மொழியில் உருவாகிவரும் நோவா டிரைவரோ 2018இல் வந்த டூரிங் முதலான அட்டைகளுக்கு மட்டுமே. ஆகவே பழைய அட்டைகளுக்குக் கட்டற்ற டிரைவர் என்றால் இனியும் நூவோதான். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புதிய கெர்னலையும் சோதித்துப் பார்க்கும் ஆள் அத்திட்டத்துக்குப் பெரிய துணை.

வன்பொருள் தெரியாது என்று தயங்க வேண்டாம். என்விடியா ஆவணம் தராத காலத்தில், அதன் டிரைவர் அட்டையோடு பேசுவதை எம்எம்ஐஓடிரேஸ் என்ற கருவியால் பதிவுசெய்து, எந்தப் பதிவகத்தில் (அட்டைக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தில்) எதை எழுதினால் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்துதான் நூவோ எழுதப்பட்டது. 2010இல் வந்த 2.6.33 கெர்னலில் அது சேர்ந்தது. இன்று படிக்கக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்தவையே.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். திரை கறுத்தாலும் கணினி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். உறக்கத்துக்கு முன்பே, வலையமைப்பு வழியே உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையை இயக்கி வைத்து, விழித்ததும் வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து கெர்னல் பதிவை முழுமையாக எடுங்கள். அடுத்து, பழுதைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடித்தரும் கிட் பைசெக்ட் கட்டளை. இரண்டு கெர்னல் வெளியீடுகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், சுமார் பதினான்கு சோதனைகளில் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கெர்னல் தொகுப்பு வசதி வழியாக அந்தக் கணினிக்குத் தேவையான பகுதிகளை மட்டும் தொகுத்தால் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். ஐப்பசி மழையில் நம் பக்கம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். பைசெக்ட் பதிவை ஒவ்வொரு படியிலும் தனிக் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்தைக் கண்டுபிடித்துத் தெளிவாக அறிவித்தாலே அது பங்களிப்புதான். திருத்தத்தை வேறொருவர் எழுதினாலும், அறிவித்தவர் பெயரும் சோதித்தவர் பெயரும் கமிட் குறிப்பிலேயே (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் விளக்கத்திலேயே) பதிவாகும்.

மறுமொழி – தச்சநல்லூரிலிருந்து

ஒன்றை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் பணி ஒப்பந்தத்தில், ஊழியர் எழுதும் நிரல் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றொரு வரி இருக்கும். கெர்னலுக்கு அனுப்பும் ஒவ்வொரு பேட்ச்சின் (நிரல் திருத்தத்தின்) விளக்கத்தின் அடியிலும், இதைத் தரும் உரிமை எனக்கு இருக்கிறது என்று உறுதியளிக்கும் சைன்ட்-ஆஃப்-பை வரியை எழுத வேண்டும்; 2004 முதல் இதுவே நடைமுறை. மேலாளரிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்காமல் அந்த வரியை எழுதக் கூடாது. அதேபோல், எங்கேனும் கசிந்த என்விடியா மூலநிரலைப் பார்க்கவே பார்க்காதீர்கள். நீங்கள் பார்த்தது தெரிந்தால் உங்கள் பேட்ச் எதையும் ஏற்க முடியாத நிலை திட்டத்துக்கு வரும்.

கேட்டவர்

அண்ணாச்சி இருவருக்கும் நன்றி. அனுமதி கேட்டு நாளையே எழுதுகிறேன். பைசெக்ட் முடிந்து திருத்தமும் நானே எழுதிவிட்டால் அதை எங்கே அனுப்ப வேண்டும்? மெசா என்ற பெயரும் அடிக்கடி கண்ணில் படுகிறது.

மறுமொழி – வண்ணார்பேட்டையிலிருந்து

டிரைவர் இரண்டு பாதியாக இருக்கிறது. திரை அமைப்பு, நினைவகப் பங்கீடு, மின்சக்தி ஆகியவை கெர்னலில். செயலிகள் படம் வரையப் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல், வல்கன் ஆகியவை மெசா என்ற தனி மென்பொருளில். உறக்கச் சிக்கல் அநேகமாகக் கெர்னல் பாதியைச் சேர்ந்ததே. மெசாவுக்கு ஃபிரீடெஸ்க்டாப் கிட்லேப் தளத்தில் இணைப்புக் கோரிக்கை வைக்க வேண்டும். கெர்னலுக்கோ நூவோ, டிஆர்ஐ-டெவெல் ஆகிய மின்னஞ்சல் பட்டியல்களுக்குப் பேட்ச்சை அனுப்ப வேண்டும். அனுப்பும் முன், பேட்ச்சின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவியை ஓட்டிப் பாருங்கள்.

கமிட் குறிப்புக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன். என்ன மாற்றினோம் என்பது நிரலிலேயே தெரியும். எந்த அட்டையில், எந்தச் சூழலில், ஏன் உடைந்தது என்பதை நீங்கள் சொன்னால்தான் கெப்ளர் அட்டையே இல்லாத ஒரு பராமரிப்பாளர் உங்களை நம்பி அதை ஏற்பார். பழுதைக் கொண்டுவந்த மாற்றத்தை ஃபிக்ஸஸ் வரியில் குறிப்பிட்டு, வெளிவந்த கெர்னல்களுக்குத் திருத்தங்களைச் சேர்க்கும் நிலைத்த கெர்னல் குழுவுக்கும் நகல் வையுங்கள். அவ்வாறு செய்தால் திருத்தம் நிலைத்த கெர்னல்களுக்கும், அவற்றின் வழியே பள்ளிக் கணினிகள் பெறும் வழக்கமான புதுப்பிப்புக்கும் வந்து சேரும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அங்கே அது வழக்கம்தான்.