கம்ப்யூட்டர் கீபோர்டுல இருந்தே டிவிய கன்ட்ரோல் பண்ண வழி இருக்கா?

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே. ஹால்ல ஆண்ட்ராய்டு டிவி, பக்கத்துலயே என் கம்ப்யூட்டர் டேபிள். ரிமோட்ல ஓகே பட்டன் செத்துப்போச்சு, மத்த பட்டன்லாம் வேலை செய்யுது. மொபைல் ஆப் இருக்குன்னு தெரியும், ஆனா நாள் பூரா கை கீபோர்டுலதான் இருக்கு, ஒரு பாட்டு மாத்த போன எடுத்து லாக்க திறந்து ஆப்ப தேடி அது கனெக்ட் ஆகுற வரைக்கும் உக்காந்திருக்கணும். அதவிட கொடுமை சர்ச் பண்றது, அம்புக்குறிய நகத்தி நகத்தி ஒவ்வொரு எழுத்தா அடிக்கிறதுக்குள்ள படம் பாக்குற ஆசையே போயிருது. எனக்கு வேண்டியது அம்புக்குறி, ஓகே, பேக், வால்யூம், டைப்பிங், அவ்ளோதான். டிவி ஸ்கிரீன் கம்ப்யூட்டர்ல தெரியணும்னு இல்ல. ரெண்டும் ஒரே வைஃபை, விண்டோஸ். காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்குற ஐடியா இல்ல.

பழையகீபோர்டு:
எதுக்கு ப்ரோ இவ்ளோ சுத்தணும். டிவி பின்னாடி யூஎஸ்பி போர்ட் இருக்கும்ல, சும்மா கிடக்குற வயர்லெஸ் கீபோர்டோட டாங்கிள அதுல சொருகுங்க. அம்புக்குறி, என்டர் எல்லாம் அப்படியே எடுக்கும், எஸ்கேப் அடிச்சா பேக். முடிஞ்சு போச்சு.

நெட்வொர்க்கன்:
மேல சொன்னது தப்பில்ல, ஆனா அவர் கேட்டது ஒரே கீபோர்டு. டேபிள்ல ரெண்டு கீபோர்டு வெச்சுகிட்டு எது எதுக்குன்னு குழம்பவா?

ஆண்ட்ராய்டு டிவின்னா ஏடிபி (adb) போதும் நண்பா, கம்ப்யூட்டர்ல இருந்து ஆண்ட்ராய்டு சாதனத்துக்கு கமாண்ட் அனுப்புற கூகுளோட டூல் அது. டிவி செட்டிங்ஸ்ல அபவுட் போயி பில்டு நம்பர் மேல 7 தடவை ஓகே அழுத்துங்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதுல டீபக்கிங்க ஆன் பண்ணிருங்க. கம்ப்யூட்டர்ல கூகுள் தர்ற பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஜிப்ப இறக்கி பிரிச்சா போதும், இன்ஸ்டால்லாம் கிடையாது. கமாண்ட் விண்டோவுல ஏடிபி கனெக்ட்னு (adb connect) அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு டிவியோட ஐபி, அதாவது நெட்வொர்க்ல அதோட முகவரி, அதுகூடவே கோலன் வெச்சு போர்ட் 5555. அதுக்கப்புறம் ஏடிபி ஷெல் இன்புட் கீஈவென்ட்னு (adb shell input keyevent) போட்டு நம்பர் குடுக்கணும்: 19 மேல, 20 கீழ, 21 இடது, 22 வலது, 23 ஓகே, 4 பேக், 3 ஹோம், 24 வால்யூம் ஏத்த, 25 குறைக்க, 85 ப்ளே பாஸ். டைப்பிங்குக்கு கீஈவென்ட்டுக்கு பதிலா டெக்ஸ்ட்னு (text) போட்டு வார்த்தைய அடிங்க, ஸ்பேஸ் வர்ற இடத்துல மட்டும் பர்சன்ட் குறியும் எஸ் எழுத்தும் சேத்து போடணும். இத தினமும் கையால அடிக்க முடியாது, ஆட்டோஹாட்கீன்னு ஒரு இலவச ஷார்ட்கட் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஷார்ட்கட் வெச்சிருங்க.

சில புது டிவில வயர்லெஸ் டீபக்கிங்னு தனியா இருக்கும். அதுல 5555 வேலைக்கு ஆகாது, மொதல்ல ஏடிபி பேர் (adb pair, ரெண்டையும் ஜோடி சேக்குறது) பண்ணி ஸ்கிரீன்ல வர்ற 6 இலக்க கோட குடுக்கணும். பேர் பண்ற போர்ட் வேற, கனெக்ட் பண்ற போர்ட் வேற, பாதி பேரு இங்கதான் மாட்டிகிட்டு முழிக்கிறாங்க.

அரைத்தூக்கம்:
அண்ணே சூப்பர், ஆனா பில்டு நம்பர் மேல ஓகே அழுத்தணும்னா ஓகே பட்டன் வேணுமே 😅

பழையகீபோர்டு:
இப்ப தெரியுதா என் கீபோர்டு எதுக்குன்னு. ஒரு தடவை சொருகி செட்டிங்ஸ முடிச்சிருங்க. அதோட உடனே கழட்டிராதீங்க, மொத தடவை கனெக்ட் பண்றப்போ இந்த கம்ப்யூட்டர அனுமதிக்கலாமான்னு டிவில ஒரு பெட்டி வரும், அதுலயும் எப்பவும் அனுமதின்னு டிக் போட்டு ஓகே குடுக்கணும். குடுக்கலைன்னா கம்ப்யூட்டர்ல அன்ஆதரைஸ்டுன்னே காட்டிகிட்டு இருக்கும்.

ஊமைத்திரை:
ரெண்டு விஷயம் சேத்துக்குறேன். ரௌட்டர்ல டிவியோட ஐபிய ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருங்க, இல்லைன்னா ஒருநாள் ஐபி மாறிப்போயி எல்லா ஷார்ட்கட்டும் படுத்துரும். டிவி கெஸ்ட் வைஃபைல இருந்தா கம்ப்யூட்டர் கண்ணுக்கே அது தெரியாது, அதயும் பாத்துக்கோங்க. அப்புறம் 5555-அ ரௌட்டர்ல வெளிய திறந்து விட்ற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், 2018-ல இந்த போர்ட் திறந்து கிடந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளா தேடித்தேடி உள்ள புகுந்து கிரிப்டோ மைனிங் ஓட்டுன வைரஸ் ஒண்ணு பரவுச்சு.

ஏடிபி பிடிக்கலைன்னா இன்னொரு வழி, மொபைல் ரிமோட் ஆப் பேசுற அதே சர்வீஸ் டிவில 6466, 6467-ங்கிற போர்ட்கள்ல கேட்டுகிட்டே இருக்கும். வீட்டு சாதனங்கள ஒரே இடத்துல கன்ட்ரோல் பண்ற ஹோம் அசிஸ்டன்ட் சாஃப்ட்வேர்ல ஆண்ட்ராய்டு டிவி ரிமோட்னு இருக்குறது அதுதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ஸே தேவையில்ல, டிவில வர்ற கோட அடிச்சா பேர் ஆயிரும். சின்ன வேலைக்கு ஹோம் அசிஸ்டன்ட் ஓவர்தான், ஏற்கனவே ஓடுதுன்னா மட்டும் பாருங்க.

நெட்வொர்க்கன்:
இத படிக்கிறவங்கள்ல ஆண்ட்ராய்டு இல்லாம ரோக்கு டிவி வெச்சிருக்கவங்களுக்கு: உங்களுக்கு ரொம்ப ஈஸி, போர்ட் 8060-க்கு சாதாரண எச்டிடிபி ரிக்வெஸ்ட் அனுப்புனாலே பட்டன் அழுத்துன மாதிரி. ஆனா பிரவுசர் அட்ரஸ் பார்ல அடிச்சா நடக்காது, போஸ்ட் (POST) வகை ரிக்வெஸ்ட்டா போகணும், கர்ல்னு (curl) இருக்குற கமாண்ட் டூல்ல அனுப்புங்க. அதுக்கும் அசையலைன்னா அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்ல மொபைல் ஆப் கன்ட்ரோல் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க.

அரைத்தூக்கம்:
நடந்துருச்சு!! கன்ட்ரோலும் அம்புக்குறியும் சேத்து அழுத்துனா டிவில அப்படியே நகருது, லேசா லேட் ஆகுது, பரவால்ல. இன்னும் ரெண்டு டவுட். தமிழ்ல டைப் பண்ணா ஒண்ணும் வரல, எரர்தான் வருது. அப்புறம் டிவிய ஆன் பண்ண கீஈவென்ட் 26 போட்டா சில நேரம் ஆன் ஆகுது, சில நேரம் ஓடிட்டு இருக்குற டிவி ஆஃப் ஆகுது.

நெட்வொர்க்கன்:
லேட் ஆகுறதுக்கு ஒரு காரணம், ஒவ்வொரு கமாண்டுக்கும் ஏடிபி டிவில தனியா ஷெல் (கமாண்ட் ஓடுற இடம்) திறக்குறது. விண்டோவ மூடாம ஏடிபி ஷெல்லுக்குள்ளயே இருந்து அனுப்புனா கொஞ்சம் குறையும்.

இன்புட் டெக்ஸ்ட்டுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும், தமிழ் போகாது. ஏடிபி கீபோர்டுன்னு ஒரு ஓபன் சோர்ஸ் ஆப் இருக்கு, அத டிவில போட்டு கீபோர்டா செலக்ட் பண்ணா தமிழையும் அனுப்பலாம். நானெல்லாம் படத்து பேர இங்கிலீஷ்லயே அடிச்சிருவேன், பெரும்பாலும் கிடைச்சிருது.

26 பவர் பட்டன் மாதிரி, ஆன்ல இருந்தா ஆஃப், ஆஃப்ல இருந்தா ஆன். அத விட்டுட்டு எழுப்ப 224, தூங்க வைக்க 223 போடுங்க. ரொம்ப நேரம் ஆஃப்ல இருந்து டிவி வைஃபையயே அணைச்சிருந்தா 224-உம் போய் சேராது, அந்த நேரத்துக்கு ரிமோட்ல இருக்குற பவர் பட்டன்தான். அது வேலை செய்யுதுல்ல?

அரைத்தூக்கம்:
செய்யுது செய்யுது. 224 ஓகே.