கலைச்சொல்: 'ஆல்பைன்' செடிகளுக்கு 'மரங்கடந்த' பொருந்துமா?

அண்ணாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். குளிரால் மரம் வளர முடியாத மலைப்பகுதிக்கு மேலே வளரும் 'ஆல்பைன்' (alpine) செடிகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'கோட்டுப்பூ' என்று வைக்கலாமே. கோடு என்றால் மலையுச்சி என்ற பொருளும் உண்டு.

உண்டுதான் அண்ணா. ஆனால் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நம் மரபு பூக்களை நான்காகப் பிரித்திருக்கிறது. அங்கே கோடு என்பது மரக்கிளை. நாம் பெயர் தேடுவதோ மரமே நிற்க முடியாத இடத்துச் செடிகளுக்கு. பொருள் தலைகீழாகிவிடும்.

'முகட்டுப்பூ' என்பதை தி.நகரில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஓட்டு வீட்டு முகட்டில் முளைக்குமே, அதுவா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

'உயர்மலைச் செடி' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், இங்கே உயரம் அளவுகோலே இல்லை. தொட்டபெட்டா 2637 மீட்டர். அதன் சரிவுகளில் சோலைமரங்கள் நன்றாகவே வளர்கின்றன. ஆல்ப்ஸில் அந்த உயரத்தில் காடு கிடையாது. கிழக்கு இமயத்திலோ ஏறத்தாழ 4000 மீட்டர் வரை காடு ஏறிப் போகிறது. வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் சுமார் 6 டிகிரிக்குக் கீழே போனால் மரம் தாக்குப்பிடிப்பதில்லை. அந்த எல்லைக்கு மேலே இருப்பதுதான் ஆல்பைன். நீலகிரியின் காட்டுப்பூவரசு கிளை பரப்பி நிற்கும் மரம். அதே ரோடோடென்ட்ரான் பேரினத்தில் ஆல்ப்ஸின் மரவெல்லையை ஒட்டி வளரும் இனம் இடுப்பளவுப் புதர். இரண்டையும் 'உயர்மலைச் செடி' என்றால் மாணவருக்கு எது விளங்கும்?

ஆகவே என் முன்மொழிவு: எல்லைக்கு 'மரவரம்பு', அதற்கு மேலே உள்ளதற்கு 'மரங்கடந்த நிலம்', அங்கே வளர்வதற்கு 'மரங்கடந்த செடி'. 'மரமேற்செடி' என்று சுருக்க வேண்டாம். மரத்தின் மேல் தொற்றி வளரும் ஆர்க்கிட் போன்றவை என்று எடுத்துக்கொள்வார்கள்.

> குறிஞ்சி என்ற சொல்லே போதாதா?

போதாது என்றாலும், இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் 1555இல் பிலாட்டஸ் மலையில் ஏறிவிட்டு எழுதிய குறிப்பில், மலையை உயரத்தின்படி நான்காகப் பிரிக்கிறார். அளவாக அவர் எடுத்துக்கொண்டது பருவங்களை: உச்சியில் ஓயாத குளிர்காலம், கீழே வர வர வசந்தம், இலையுதிர்காலம், அடியில் கொஞ்சம் கோடை. நிலத்தோடு பொழுதைச் சேர்த்து வைக்கும் திணை முறைக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! ஆனால் நம் குறிஞ்சியில் வேங்கையும் சந்தனமும் நிற்கின்றன, தினை விளைகிறது. அது மரவரம்புக்குக் கீழே உள்ள உலகம்.

அப்புறம் ஒன்று. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பல செடிகளுக்கு 'அல்பினா', 'அல்பினஸ்' (ஆல்பைன் என்பதன் லத்தீன் வடிவம்) என்று இனப்பெயர் வைத்தார். அராபிஸ் அல்பினா, ஆஸ்டர் அல்பினஸ் அப்படி வந்தவை. தாவரவியல் லத்தீனில் 'அல்பெஸ்ட்ரிஸ்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது மரவரம்புக்குக் கீழே, மலையின் தாழ்ந்த பகுதியைக் குறிப்பது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டால் வகைப்பாடே குழம்பிவிடும். இந்த இரண்டாவதற்கு 'வரம்படிச் செடி' என்று யோசித்தேன். வயல் வரம்பின் அடியில் முளைக்கும் களை என்று தோன்றுகிறதா? தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்.