புதுப்பிப்பு: மேடைப் படங்களில் விழுந்த கோடுகள்

கச்சேரியில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுகின்றன, கேமரா கெட்டுவிட்டதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கேமராவில் ஒன்றுமில்லை. சத்தம் வரக்கூடாதென்று எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை எதுவும் அசையாமல் படம் பிடிக்கும் முறை) வைத்திருந்தேன். அது ஒளியைப் பதியும் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது, மேடையின் எல்இடி விளக்குகளோ கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன, அணைந்த நேரத்தில் படித்த வரிகள் இருண்டுவிடுகின்றன. நேற்று திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தையும் 1/1000 நொடியிலிருந்து 1/160 நொடிக்கு இறக்கினேன். கோடுகள் அநேகமாகப் போய்விட்டன! ஆடுபவர்கள் படத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் விழுகிறார்கள், ஆனால் பாடகர் மூச்சு இழுக்க நிற்கும் அந்த நொடிக்காகக் காத்திருந்து அழுத்தினால் முகம் கூர்மையாகக் கிடைக்கிறது. அப்புறம், நீல விளக்கில் முகத்தின் விவரமே அழிந்துபோவது இன்னும் தீரவில்லை. ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி வெளிச்சத்தில், எடுத்துப் பார்க்கப்போகிறேன்.