மனைவி பெயரில் வைப்புத்தொகை: வட்டி யார் கணக்கில் சேரும்?

தோழிகளே, வருமான வரி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள். என் பெயரில் 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. அதில் 4 லட்சம் கணவர் கொடுத்தது. மீதி என் தையல் வருமானமும் அம்மா தந்த பணமும். கணவர் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் அதற்கு வரும் வட்டி அவருடைய வருமானத்தோடுதான் சேரும். அதுவரை புரிகிறது. (சமையலறை உழைப்புக்குச் சம்பளம் என்று காட்ட வழியிருந்தால் நான் எப்போதோ காட்டியிருப்பேன்!) வங்கியோ முழு வட்டியையும் என் பான் எண்ணில்தான் பதிகிறது. கணவர் 30 விழுக்காட்டு வரி வரம்பில் இருப்பதால் பிரிப்பதில் பிசகக்கூடாது. இருவரின் வருமான வரிப் படிவங்களிலும் இதை எப்படிக் காட்டினீர்கள்? அம்மா தந்த பணத்துக்குச் சான்றாக வங்கிக் கணக்கு விவரம் போதுமா, அம்மாவிடமிருந்து தனியாகக் கடிதமும் வேண்டுமா? முதிர்ந்ததும் இரண்டு வைப்புகளாகப் பிரித்துவிடலாம் என்றிருக்கிறேன்.